வீட்டில் பீர் காய்ச்ச எந்த மின் ஹீட்டர்? எத்தனை வாட்?

நீங்கள் கேட்டிருப்பது இது: இதுவரை கேஸ் அடுப்பில், மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) துணிப்பையில் போட்டு ஊறவைக்கும் முறையில், 20 முதல் 23 லிட்டர் பீர் காய்ச்சி வந்திருக்கிறீர்கள். இனி வீட்டுக்குள்ளேயே மின்சாரத்தில் காய்ச்ச ஆசை. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதா, இருக்கிற ஸ்டீல் பாத்திரத்தில் துளை போட்டுச் சூடேற்றும் எலிமெண்ட் மாட்டுவதா, பம்ப், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து வரும் மெஷினை எடுப்பதா, எத்தனை வாட் போதும் என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலானவர்கள் சாதனத்தில் இருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நான் சுவரில் இருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வயரும் பிரேக்கரும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். 230 வோல்ட் இருக்கும் வீட்டில் 10 ஆம்பியர் சாக்கெட் என்றால் 2300 வாட் வரை. 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3000. 16 ஆம்பியர் என்றால் 3680. 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு என்றால் கணக்குப்படி 1800 வாட். ஆனால் பீர் காய்ச்சுவது ஐந்து நிமிட வேலை அல்ல, மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடும் சுமை. தொடர் சுமைக்குப் பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கணக்கை வைத்தால் அங்கே 1440 வாட்தான் மிஞ்சும். அதே இணைப்பில் ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ ஓடினால் அதையும் கழிக்க வேண்டும்.

இனி எவ்வளவு தேவை என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல் வேண்டும். இதை நிமிடக் கணக்காக மாற்றினால் ஒரு எளிய சூத்திரம் கிடைக்கும்: லிட்டரையும் உயர வேண்டிய டிகிரியையும் பெருக்கி, 0.07ஆல் பெருக்கி, கிலோவாட்டால் வகுத்தால் நிமிடம் வரும். 30 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து, மால்ட் ஊறும் 67 டிகிரிக்குக் கொண்டுபோக 2.4 கிலோவாட் எலிமெண்ட் 37 நிமிடம் எடுக்கும். மால்ட்டை வெளியே எடுத்தபின் மிஞ்சும் 27 லிட்டர் வோர்ட்டை (மால்ட் ஊறி வந்த இனிப்புச் சாறு) 67இல் இருந்து 100க்கு ஏற்ற 26 நிமிடம். பாத்திரத்தின் சுவர் வழியாகவும் மேற்பரப்பிலும் போகும் வெப்பத்துக்காக இரண்டிலும் பத்து முதல் இருபது சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இதே வேலைக்கு 1.5 கிலோவாட் எலிமெண்ட் 59 நிமிடமும் 42 நிமிடமும் கேட்கும். நிஜத்தில் இன்னும் கூடுதலாகவே ஆகும், ஏனென்றால் கொதிநிலையை நெருங்க நெருங்க வெளியே போகும் வெப்பம் கூடிக்கொண்டே வரும், சின்ன எலிமெண்ட் அங்கே திணறும்.

சூடேற்றும் நேரம் பொறுமைக்கு வைக்கும் சோதனைதான். காத்திருந்தால் ஆகிவிடும். உண்மையான அளவுகோல் கொதி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும், அதாவது 0.63 கிலோவாட் மணி. ஒரு மணி நேரக் கொதியில் இரண்டரை லிட்டர் ஆவியாக வேண்டும் என்று வைத்தால் அதற்கு மட்டுமே 1.6 கிலோவாட். போர்வை சுற்றாத 30 லிட்டர் ஸ்டீல் பாத்திரம் சுவர் வழியாக ஏறத்தாழ 0.3 கிலோவாட் இழக்கும். ஆக, கொதியை உயிரோடு வைத்திருக்க 1.9 கிலோவாட். உங்கள் 20-23 லிட்டருக்கு 2.2 முதல் 3 கிலோவாட் வரை என்று நான் சொல்வது இந்தக் கணக்கில் இருந்துதான். அதற்கு மேல் போனால் சூடேறும் நேரம் குறையும், கொதிக்கும்போது பாதியைக் குறைத்து வைத்துத்தான் ஓட்டுவீர்கள்.

120 வோல்ட் இணைப்பு மட்டும் இருப்பவர்கள் இங்கே மனம் தளர வேண்டாம். 1440 வாட்டில் 10-12 லிட்டர் நன்றாகவே கொதிக்கும். பாத்திரத்தைச் சுற்றி வெப்பம் தாங்கும் போர்வை கட்டி, மூடியை முக்கால் பங்கு மூடி வைத்தால் 15 லிட்டர் வரை இழுக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் 240 வோல்ட் இணைப்பு இழுப்பதுதான் வழி. 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் 5500 வாட் எலிமெண்ட் 23 ஆம்பியர் எடுத்துக்கொண்டு 50 லிட்டரைக்கூடச் சுலபமாகக் கையாளும்.

வோல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எலிமெண்டில் எழுதியிருக்கும் வாட், எழுதியிருக்கும் வோல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். 240 வோல்ட்டுக்குச் செய்த 5500 வாட் எலிமெண்டை 120 வோல்ட்டில் மாட்டினால் பாதி வராது, கால் பங்குதான் வரும்: 1375 வாட். 240 வோல்ட்டுக்கான 3000 வாட் எலிமெண்ட் 220 வோல்ட்டில் 2520 வாட் தரும். மாறாக 120 வோல்ட் எலிமெண்டை 240இல் மாட்டினால் நான்கு மடங்கு ஓடி அந்த நிமிடமே கருகும். வாங்கிய எலிமெண்ட் சொன்ன அளவுதானா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓம்ஸால் வகுத்தால் வாட். 230 வோல்ட்டில் 2400 வாட் என்றால் மீட்டர் 22 ஓம் காட்ட வேண்டும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். வாட்டை எல்லாரும் கேட்கிறார்கள். அந்த வாட் எத்தனை சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருந்து வெளியே வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் பீர் அடிப்பிடிப்பதும் பிடிக்காததும் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் அடிப்பிடிக்காது. வோர்ட் அப்படியல்ல. அதில் சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது, பையைத் தாண்டி வந்த மாவு இருக்கிறது. எலிமெண்டின் தோல் மிகச் சூடாக இருந்தால் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் படியும். படிந்த படலம் வெப்பத்தைத் தடுக்கும், அதனால் அடியில் இருக்கும் உலோகம் இன்னும் சூடாகும், படலம் கருகும், கருகியதன் மேல் அடுத்தது படியும். நீங்கள் மேலே இருந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாகக் கொதிப்பது போலவே இருக்கும். தீய்ந்த வாடை தெரியவரும்போது வேலை முடிந்திருக்கும்.

இதைச் சொந்த அனுபவத்தில் கற்றேன். பாதிக்குப் பாதி கோதுமை மால்ட் போட்ட ஒரு பீரை, தண்ணீர் கெட்டிலுக்குச் செய்த குட்டைக் காயிலில் (சுருள் எலிமெண்ட்) காய்ச்சினேன். அதுவரை அதே காயிலில் ஏழெட்டு முறை வெறும் பார்லி மால்ட்டில் காய்ச்சி ஒன்றும் ஆகவில்லை, அதனால் பயம் இல்லை. அன்று காயிலின் மேல் நகத்தால் சுரண்டினாலும் வராத கருப்புத் தோல். பீரில் அணைந்த கரிக்கட்டையின் சுவை. மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. 20 லிட்டரையும் கொட்டினேன். கருகிய சுவை நொதிப்பதாலோ நாள்பட வைப்பதாலோ மறையாது.

இந்தப் பரப்புக் கணக்கை நீங்களே போடலாம். எலிமெண்ட் குழாயின் விட்டத்தையும் சூடாகும் பகுதியின் நீளத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 3.14ஆல் பெருக்கினால் பரப்பு வரும். வாட்டை அதனால் வகுங்கள். 8 மில்லிமீட்டர் விட்டம், 40 சென்டிமீட்டர் நீளம் உள்ள 2400 வாட் குட்டைக் காயிலின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 24 வாட். அதே 2400 வாட், அதே விட்டம், ஆனால் ஒரு மீட்டர் நீளத்தைச் சுருட்டி மடித்த எலிமெண்ட் என்றால் பரப்பு 250. சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக்கும் குறைவு. வோர்ட்டுக்கு 10 வாட்டுக்குக் கீழே இருக்கட்டும் என்பது என் வரம்பு. கோதுமை, ரை, ஓட்ஸ் அதிகம் போடுபவர் 8க்குக் கீழே தேடலாம். பீர் காய்ச்சவென்றே விற்கும் அலையலையாய் வளைத்த எலிமெண்டுகள் அந்த அளவில்தான் இருக்கும். 20ஐத் தாண்டிய காயில்களை வெறும் தண்ணீர் சூடாக்கும் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவை நன்றாக உழைக்கும்.

இதிலேயே ஒரு நல்ல வழி ஒளிந்திருக்கிறது. பெரிய, நீளமான எலிமெண்டை வாங்கிக் குறைந்த சக்தியில் ஓட்டினால் பரப்புச் சுமையும் (சதுர சென்டிமீட்டருக்கு வரும் வாட்) அதே விகிதத்தில் குறையும். 5500 வாட்டுக்குச் செய்த மடிப்பு எலிமெண்டை 50 சதவீதத்தில் ஓட்டுபவருக்கு அடிப்பிடிக்கும் கவலை கிட்டத்தட்ட இல்லை. சுவர் தாங்குமானால் இது செய்யத் தக்கது.

எலிமெண்டின் உடலையும் கவனியுங்கள். வெளித்தோல் இன்கோலாய் (நிக்கல் கலந்த உலோகக் கலவை) அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கலாம், இரண்டும் நல்லவை. பாத்திரத்தில் திருகும் அடிப்பகுதிதான் ஏமாற்றும் இடம். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பில் செய்த அடிப்பகுதி சில மாதங்களில் துருப்பிடித்து வோர்ட்டில் இறங்கும். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானா என்று கேட்டு வாங்குங்கள். திருகு மரையில் பூட்டுவது மலிவு. கிளாம்ப் போட்டுப் பூட்டும் வகை செலவு கூட, ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ முடியும். கழற்ற முடிந்தால்தான் கழுவுவோம் என்பதால் நான் கிளாம்ப் பக்கம்.

இனி உங்கள் மூன்று வழிகள்.

இண்டக்‌ஷன் அடுப்பின் பெரிய நன்மை, பாத்திரத்தில் துளை வேண்டாம், வோர்ட்டுக்குள் மின்சாரம் போகும் பொருள் எதுவும் இல்லை, கழுவுவது சுலபம். ஆனால் வீட்டுச் சமையலுக்கான அடுப்பைப் பீருக்கு வைப்பதில் சிக்கல்கள் உண்டு. பாத்திரத்தின் அடி காந்தம் ஒட்டுவதாக இருக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சுருளின் விட்டம் 20 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், உங்கள் பாத்திரம் 36 சென்டிமீட்டர் அகலம். மொத்த வெப்பமும் நடுவில் ஒரு வளையத்தில் இறங்கும். அடி மெல்லியதாக இருந்தால் அங்கே அடிப்பிடிக்கும். 30 லிட்டரும் பாத்திரமும் மால்ட்டும் சேர்ந்து 40 கிலோவைத் தொடும், கண்ணாடி அதைத் தாங்குமா என்று குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: தொடு பொத்தான் வைத்த அடுப்பை வெளியே இருந்து டெம்பரேச்சர் கன்ட்ரோலரால் ஓட்ட முடியாது. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் அது அணைந்த நிலையிலேயே நிற்கும். அடுப்பிலேயே இருக்கும் டெம்பரேச்சர் அமைப்போ கண்ணாடியின் சூட்டை அளக்கிறது, மாஷின் (பாத்திரத்தில் மால்ட் ஊறும் கலவை) சூட்டை அல்ல. 3500 வாட், திருகு குமிழ் உள்ள ஹோட்டல் ரக அடுப்பும் தடித்த அடியுள்ள பாத்திரமும் இருந்தால் நிலைமை வேறு. அப்போது இது உண்மையிலேயே நல்ல அமைப்பு.

கிரெயின்ஃபாதர், ப்ரூஜில்லா போன்ற எல்லாம் சேர்ந்த மெஷின்களில் எலிமெண்ட் அடித்தட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும். பம்ப், மால்ட் போடும் கூடை, கன்ட்ரோலர் எல்லாம் ஒரே உடலில். வாங்கி வந்த அன்றே காய்ச்சலாம், துளை போட வேண்டாம், ஒயரிங் செய்ய வேண்டாம். மின் வேலை தெரியாதவருக்கு இதைத்தான் சொல்வேன். இதன் பலவீனம் அடித்தட்டு. மாஷ் ஓடும் ஒரு மணி நேரத்தில் மாவு மெல்ல இறங்கி, எலிமெண்டுக்கு நேர் மேலே படுத்துவிடும். கொதிக்க வைக்கும்போது அது பிடித்துக்கொண்டால் தட்டின் சூடு எகிறி, பாதுகாப்பு கட்-அவுட் மெஷினை நிறுத்திவிடும். சில மெஷின்களில் அதை மறுபடி அழுத்தும் பொத்தான் அடியில் இருக்கிறது, மேலே 27 லிட்டர் கொதிக்கிற வோர்ட். வாங்கும் முன் அந்தப் பொத்தான் எங்கே என்று பாருங்கள். மால்ட்டை மாவாக்காமல் கொஞ்சம் கரடுமுரடாக அரைப்பதும், கூடையைத் தூக்கியபின் நீண்ட கரண்டியால் அடியை ஒருமுறை வழித்துவிட்டுப் பிறகு முழுச் சக்தி கொடுப்பதும் இதற்குப் போதுமான மருந்து. இரண்டு எலிமெண்டுகளைத் தனித்தனி சுவிட்சில் தரும் மெஷின் கிடைத்தால் அதை எடுங்கள், மாஷின்போது சின்னதை மட்டும் ஓட்டலாம்.

மூன்றாவது வழி, இருக்கிற பாத்திரத்தில் எலிமெண்ட். உங்களிடம் நல்ல பாத்திரம் இருக்கிறது, பைமுறை பழகியிருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு என் தேர்வு இதுவே. எலிமெண்ட் வோர்ட்டுக்குள் முழுகியிருப்பதால் கொடுக்கும் மின்சாரம் முழுவதும் வோர்ட்டுக்குத்தான் போகும். பரப்புச் சுமையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பழுதானால் எலிமெண்டை மட்டும் மாற்றலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பை எலிமெண்டைத் தொடக்கூடாது. தொட்டால் துணி உருகி ஒட்டும். எலிமெண்டுக்கு மேலே, கால்கள் உள்ள துளையிட்ட ஸ்டீல் தட்டு ஒன்றை நிறுத்துங்கள். இரண்டு, எலிமெண்ட் எப்போதும் முழுகியிருக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஒரு லிட்டர். எலிமெண்டின் மேல் விளிம்பு அடியில் இருந்து 8 சென்டிமீட்டர் என்றால் 10 லிட்டருக்குக் கீழே அந்தப் பாத்திரத்தில் காய்ச்ச முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் நிற்கும் எலிமெண்ட் நொடிகளில் சிவந்து கெட்டுவிடும். துளையை எவ்வளவு தாழ்வாகப் போட முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் போடச் சொல்வது இதனால்தான்.

ரிம்ஸ், ஹெர்ம்ஸ் என்று படித்திருப்பீர்கள். ரிம்ஸில் வோர்ட்டைப் பம்ப் வைத்து ஒரு குறுகிய குழாய்க்குள் இருக்கும் எலிமெண்ட் மேல் ஓடவிடுகிறார்கள். ஓட்டம் நின்றால் குழாய்க்குள் இருக்கும் வோர்ட் கணத்தில் கொதித்துக் கருகும், ஆகவே ஓட்டம் நின்றதும் எலிமெண்ட் அணையும் ஏற்பாடு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஹெர்ம்ஸில் வோர்ட் ஒரு சுருள் குழாய் வழியாக வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் போய் வரும். எலிமெண்டைத் தொடுவதே இல்லை, மிக மென்மையான முறை. ஆனால் மூன்று பாத்திரம், இரண்டு பம்ப். 20 லிட்டருக்கு இரண்டுமே தேவையில்லை.

கன்ட்ரோலர் விஷயத்தில் மாஷும் கொதியும் வேறு வேறு என்று புரிந்துகொண்டால் போதும். மாஷில் 62 டிகிரிக்கும் 70க்கும் நடுவே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது பீரின் உடலை, அதாவது வாயில் உணரும் கனத்தை, தீர்மானிக்கிறது. 63-64இல் பீட்டா அமைலேஸ் என்ற நொதி நன்றாக உழைத்து, இனிப்புக் குறைந்த வறண்ட பீர் தரும். 68-70இல் அது சீக்கிரம் சாகும், ஆல்ஃபா அமைலேஸ் மேலோங்கி, நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, கனமான பீர் வரும். ஆக அங்கே அளந்து அளந்து மின்சாரம் கொடுக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலருக்கு வேலை இருக்கிறது. 30 லிட்டர் நீரும் 6 கிலோ மால்ட்டும் உள்ள மாஷை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 2.3 கிலோவாட் வேண்டும். உங்கள் 2.4 கிலோவாட் அதற்கும் சரியாகப் பொருந்துகிறது.

கொதியில் டெம்பரேச்சர் உதவாது. கொதிக்கும் வோர்ட் மெதுவாகக் கொதித்தாலும் துள்ளிக் கொதித்தாலும் அதே சூடுதான். உயரமான ஊரில் இருப்பவருக்கு 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். அங்கே 100 என்று வைத்தால் கன்ட்ரோலர் எட்டமுடியாத எண்ணைத் துரத்தி முழுச் சக்தியிலேயே ஓடிக்கொண்டிருக்கும், பாத்திரம் பொங்கி வழியும். கொதிக்கு வேண்டியது சதவீதம். 100 சதவீதத்தில் கொதிக்கு ஏற்றி, நுரை எழும்போது குறைத்து, பிறகு 75-80இல் நிறுத்துவது. ஆகவே கையால் சதவீதம் வைக்கும் வசதி இல்லாத கன்ட்ரோலரை வாங்காதீர்கள்.

சென்சார் எலிமெண்டுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. பம்ப் இருந்தால் பாத்திரத்தில் இருந்து வெளியேறும் குழாயில் வையுங்கள். பம்ப் இல்லாமல், கிளறாமல், எலிமெண்டை ஓட்டினால் கீழே 72, மேலே 63 என்று அடுக்கடுக்காக நிற்கும், எந்தக் கன்ட்ரோலராலும் அதைச் சரிசெய்ய முடியாது. பைமுறையில் பம்ப் இல்லையென்றால் மாஷின்போது எலிமெண்டை அணைத்துவிட்டுப் போர்வை சுற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்கும் இரண்டு டிகிரியால் பீர் கெடாது.

மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு சுவிட்ச்) பற்றி ஒரு அத்தியாவசியச் செய்தி. அது கெடும்போது பெரும்பாலும் துண்டித்த நிலையில் கெடாது, இணைத்த நிலையில் கெடும். அதாவது எலிமெண்ட் அணையவே அணையாது. ஒருமுறை 66இல் மாஷ் வைத்துவிட்டு கால்மணி நேரம் அடுத்த அறையில் இருந்தேன். திரும்பி வந்தபோது 81. கன்ட்ரோலரின் திரையில் வெளியீடு பூஜ்யம், விளக்கும் அணைந்திருந்தது, எலிமெண்ட் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் நொதிகள் போயே போய்விட்டன. அன்றுமுதல் எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால் ஒரு கான்டாக்டரும் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), சூடு அளவு மீறினால் அதைத் துண்டிக்கும் அலாரமும் இல்லாமல் நான் எதையும் ஓட்டுவதில்லை. எஸ்.எஸ்.ஆர். ஓடும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்கு மேல் தானே சூடாகும். 23 ஆம்பியர் ஓடினால் 25-30 வாட். அதற்குத் தகுந்த அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் பெட்டிக்குள் அடைத்தால் சீக்கிரம் சாகும். 10 ஆம்பியர் என்று எழுதிய சின்ன ரிலே உள்ள தெர்மோஸ்டாட்டில் 2400 வாட்டை நேராக மாட்டவும் வேண்டாம். 230 வோல்ட்டில் அது 10.4 ஆம்பியர்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண பிரேக்கர் வயரைக் காப்பாற்றுகிறது, உங்களை அல்ல. 16 ஆம்பியர் பிரேக்கர் 16 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். மனித இதயத்தைக் குலைக்க அதில் சில நூறில் ஒரு பங்கு போதும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் அல்லது அதற்கும் குறைவில் ட்ரிப் ஆவது, இந்த இணைப்பில் இருந்தே ஆக வேண்டும். 120 வோல்ட் நாடுகளில் இதே வேலையைச் செய்யும் ஜி.எஃப்.சி.ஐ. 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே ட்ரிப் ஆகும். ஒவ்வொரு முறை காய்ச்சும் முன்னும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

பாத்திரத்தின் உடலுக்குத் தனி எர்த் வயர், போல்ட்டில் இறுக்கி. எலிமெண்டின் அடிப்பகுதி வழியாக எர்த் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். நடுவில் சிலிகோன் ரப்பர் வாஷர் இருக்கிறது. பிளக்கின் எர்த் பின்னில் இருந்து பாத்திரத்தின் உடலுக்கு மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டி ஓம் காட்ட வேண்டும். எலிமெண்டின் பின்புற முனைகள் மூடிய பெட்டிக்குள், ரப்பர் கேஸ்கெட்டோடு, பொங்கி வழிந்தாலும் நனையாதபடி இருக்கட்டும். வயர் பெட்டிக்குக் கீழே ஒரு தொங்கலாக இறங்கி மேலே ஏறினால் வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்து இந்தச் சுமையை ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு சேர்ந்து உறை உருகும். 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வழக்கம், 30 ஆம்பியருக்குப் பக்கம் போனால் 6. புதிய இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இழுக்கட்டும்.

பல மாதம் சும்மா கிடந்த எலிமெண்டை மாட்டியதும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆனால் பதற வேண்டாம், அதை மீறி ஓட்டவும் வேண்டாம். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கழற்றி, மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். உலர்த்தியபின்னும் ட்ரிப் ஆனால் தோலில் விரிசல் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

வீட்டுக்குள் காய்ச்சுவதால் ஆவியையும் யோசிக்க வேண்டும். கேஸில் வெளியே காய்ச்சும்போது இது கண்ணில் படாது. ஒரு லிட்டர் நீர் 1,600 லிட்டருக்கு மேல் ஆவியாகும். இரண்டரை லிட்டர் ஆவி மூடிய அறையில் சுவர் முழுக்க நீராக வழியும், கூரையில் பூஞ்சை பிடிக்கும். பாத்திரத்துக்கு நேர் மேலே வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். அது முடியாத வீட்டுக்கு ஸ்டீம் கண்டென்சர் உண்டு: மூடியைப் போட்டு, பக்கவாட்டுக் குழாயில் குளிர்நீர்த் தூவலால் ஆவியை நீராக்கி வாளிக்கு அனுப்பும். மூடிய பாத்திரத்துக்குக் குறைந்த சக்தியே போதும் என்பதால் 120 வோல்ட்காரர்களுக்கு இது பெரிய உதவி. வெளியேறும் குழாய் மட்டும் ஒருபோதும் அடைபடக்கூடாது. கண்டென்சர் இல்லாமல் மூடியை முழுக்கப் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். வெளிர் மால்ட்டில் இருந்து கொதியில் உருவாகும் டைமெதில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டிய பொருள். மூடியில் மோதித் திரும்பி விழுந்தால் பீரில் வேகவைத்த சோளத்தின் வாடை வரும்.

எலிமெண்டைக் கழுவ, காய்ச்சி முடித்த கையோடு சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போதும். வெள்ளையாகப் படியும் கற்படலத்துக்கு சிட்ரிக் அமிலம். இரும்பு நார் வேண்டாம், கீறலில்தான் அடுத்த முறை பிடிக்கும். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் பாகு) சேர்ப்பவராக இருந்தால் சேர்க்கும் முன் எலிமெண்டை அணைத்து, முழுக்கக் கரையும்வரை கிளறிவிட்டு, பிறகு போடுங்கள். அடியில் இறங்கிய கட்டிப் பாகு எவ்வளவு மென்மையான எலிமெண்டிலும் கருகும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் மால்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு முழு நாள் ஓட்டுங்கள். 30 லிட்டர் ஊற்றி 67க்கு எத்தனை நிமிடம், கொதிக்கு எத்தனை நிமிடம், 100, 80, 60 சதவீதத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் பிளக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது. அந்தத் தாளைக் கன்ட்ரோலர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தால், முதல் மால்ட் பையை இறக்கும் நாளில் எவ்வளவு தண்ணீரில் தொடங்க வேண்டும் என்று அதுவே சொல்லும்.